பனிச்சறுக்கும் பசிக்கணக்கும்

1911 ஜூன் 27. அண்டார்க்டிகாவில் சூரியன் தலைகாட்டாத நடுக்குளிர்காலம். ராஸ் தீவில் இருந்த ஸ்காட்டின் முகாமிலிருந்து மூன்று பேர் கிளம்புகிறார்கள். மருத்துவரும் ஓவியருமான எட்வர்ட் வில்சன், குள்ளமான ஆனால் இரும்பு மாதிரி உடம்பு கொண்ட ஹென்றி பவர்ஸ், கிட்டப்பார்வைக் கண்ணாடி போட்ட இளைஞர் ஆப்ஸ்லி செரி கேரார்டு. கிட்டத்தட்ட 340 கிலோ சுமையை இரண்டு சறுக்குவண்டிகளில் ஏற்றி, தோளில் வாரை மாட்டிக்கொண்டு அவர்களே இழுக்கிறார்கள். போக வேண்டிய இடம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் உள்ள குரோசியர் முனை. வேலை, எம்பரர் பெங்குவின் முட்டைகளைக் கொண்டுவருவது.

ஐந்து வாரம் கழித்து மூன்று முட்டைகளோடு உயிர் பிழைத்துத் திரும்பினார்கள். வழியில் வெப்பநிலை மைனஸ் 60 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போனது. இந்தப் பயணத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் முட்டையைத் தவிர இன்னொரு வேலையும் அவர்களுக்கு இருந்தது. மூவரும் மூன்று விதமாகச் சாப்பிட்டார்கள். வில்சனுக்கு வெண்ணெய் அதிகம். பவர்ஸுக்கு பெம்மிக்கன் அதிகம். (பெம்மிக்கன் என்பது உலர்ந்த இறைச்சித் தூளைக் கொழுப்போடு சேர்த்துக் கட்டியாக்கியது.) செரிக்கு பிஸ்கட் அதிகம். அதாவது கொழுப்பு, புரதம், மாவுச்சத்து. எது தாக்குப்பிடிக்கும் என்று பார்க்க, மூன்று மனித உடல்களே சோதனைக்குழாய்.

முடிவு சீக்கிரமே தெரிந்துவிட்டது. வில்சனால் அத்தனை வெண்ணெயையும் சாப்பிட முடியவில்லை. செரிக்கோ கொழுப்புக்கு நாக்கு ஏங்கியது. கடைசியில் இருவரும் பண்டமாற்று செய்துகொண்டார்கள். இந்த அனுபவத்தையும் வைத்துத்தான் தென்துருவப் பயணத்தின் உச்சிப்பகுதிக்கான தினசரிப் படி முடிவானது. ஆளுக்கு 16 அவுன்ஸ் பிஸ்கட், 12 அவுன்ஸ் பெம்மிக்கன், 3 அவுன்ஸ் சர்க்கரை, 2 அவுன்ஸ் வெண்ணெய், கொஞ்சம் கோகோ, கொஞ்சம் தேயிலை. மொத்தம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இன்றைய கணக்கில் சுமார் 4,500 கலோரி.

நான் பிழைப்புக்கு நிரல் எழுதுபவன். என் கையிலிருக்கும் கடிகாரத்தில் நடை, ஓட்டம், நீச்சல் வரிசையில் பனிச்சறுக்கும் இருக்கிறது. வெயிலடிக்கும் ஊரில் அதைத் தொட்டதே இல்லை. இருந்தாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். அந்த வரிசைக்குப் பின்னால் இருக்கும் எண்ணை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்? தேடிப் போனால் பாதை நேராக ஸ்காட்டின் கூடாரத்துக்கே போகிறது.

எரியும் உடல்

உடம்பு ஒரு அடுப்பு என்பது பழைய உவமை. அது உவமை இல்லை, நிஜமாகவே அப்படித்தான் என்று காட்டியவர் அந்துவான் லவாசியே. 1782-83 குளிர்காலத்தில் அவரும் லாப்லாஸும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்தார்கள். அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது, அது எவ்வளவு கரியமில வாயுவை வெளிவிடுகிறது என்று அளந்தார்கள். பிறகு அதையே கரி எரியும்போது வரும் சூட்டோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் நெருங்கி வந்தன. மூச்சுவிடுவது என்றால் மெதுவாக எரிவது.

சில ஆண்டுகள் கழித்து லவாசியே தன் உதவியாளர் செகானை உட்காரவைத்து, ஓய்விலும் வேலையிலும் அவர் எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறார் என்று அளந்தார். வேலை செய்தால் ஆக்சிஜன் தேவை பல மடங்கு கூடியது. இதிலிருந்து லவாசியேவுக்கு ஒரு சங்கடமான யோசனை வந்தது. உடலால் உழைப்பவனுக்குத்தான் அதிகச் சாப்பாடு தேவை, ஆனால் நாட்டில் நடப்பது நேர்மாறாக இருக்கிறதே என்று. கலோரிக் கணக்கு பிறக்கும்போதே அதனுள் நியாயக் கணக்கும் இருந்தது. 1794 மே மாதம் புரட்சி அரசு அவரைக் கில்லட்டினுக்கு அனுப்பியது.

அதன் பிறகு நூறாண்டு கழித்து, அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் ஒரு ஆள் நாள்கணக்கில் தங்கக்கூடிய சின்ன அறையையே கலோரிமானியாகக் கட்டினார். சாப்பாடு உள்ளே போகும், கழிவு வெளியே வரும், உடல்சூடு சுவருக்குள் ஓடும் தண்ணீரில் சேரும். சில சோதனைகளில் உள்ளே இருப்பவர் நிலையான சைக்கிளை மிதித்தார். உள்ளே போன ஆற்றலும் வெளியே வந்த ஆற்றலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஒத்துப்போயின. மாவுக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று பிஸ்கட் உறையின் பின்புறக் கணக்குக்கு அடிப்படையாக இருக்கும் எண்கள் அவர் வேலையிலிருந்து வந்தவை.

ஆனால் அறைக்குள் பனிச்சறுக்கு விட முடியாதே. அதுக்கு வழி சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டின் கிளாட் டக்ளஸ். ரப்பர் பூசிய துணிப்பை ஒன்றை முதுகில் கட்டி, வாயிலிருந்து குழாய் விட்டு, வெளிவிடும் மூச்சு முழுவதையும் அதில் பிடித்துவிடுவது. பிறகு பையைப் பிரித்து ஆக்சிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறத்தாழ 5 கலோரி எரிந்தது என்று பொருள். அவ்வளவுதான் மேட்டர். இதுல வேடிக்கை என்னன்னா, டக்ளஸ் பை வெளிவந்ததும் அதே 1911தான். செரி கேரார்டு கொழுப்புக்கு ஏங்கிக்கொண்டிருந்த ஜூலை மாதத்தில், டக்ளஸும் ஹால்டேனும் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையுச்சியில் மூச்சை அளந்துகொண்டிருந்தார்கள். ஸ்காட்டுக்குத் தேவைப்பட்ட கருவி உலகில் இருந்தது. அண்டார்க்டிகாவில் இல்லை.

நாக்கு அறிந்த கணக்கு

பனிச்சறுக்கில் உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்பதை அளவிடும் முன்னரே அனுபவித்துச் சொன்னவர் ஒருவர் இருந்தார். 1888இல் ஃப்ரிட்யோஃப் நான்சென் ஐந்து தோழர்களுடன் பனிச்சறுக்குப் பலகைகளில் கிரீன்லாந்தைக் குறுக்காகக் கடந்தார். அவர்களில் சாமுவேல் பால்ட்டோ, ஓலே ரவ்னா இருவரும் சாமி இனத்தவர். கொண்டுபோன பெம்மிக்கனில் ஒரு தப்பு நடந்துவிட்டது. அதில் கொழுப்பு நீக்கப்பட்டிருந்தது. வயிறு நிறைய இறைச்சி தின்றும் பசி அடங்கவில்லை. வெண்ணெய் பங்கு வரும் நாளுக்காக ஆறு பேரும் காத்துக் கிடந்தார்கள். கொழுப்புப் பஞ்சம் என்றே நான்சென் அதை விவரித்தார். அட்வாட்டரின் 9 என்ற எண் அப்போது அச்சில் இல்லை. நாக்கு அதைக் கண்டுபிடித்துவிட்டது.

பாடம் வீண்போகவில்லை. 1895-96இல் நான்செனும் யோஹான்செனும் ஆர்க்டிக்கில் ஒரு கல்குடிசையில் பனிக்கரடி இறைச்சியும் வால்ரஸ் கொழுப்பும் தின்று குளிர்காலத்தைத் தள்ளினார்கள். மீட்கப்பட்டபோது நான்சென் சுமார் 10 கிலோ எடை கூடியிருந்தார்!

ஒரே சாப்பாடு, வேறு செலவு

இப்போது தென்துருவப் போட்டிக்கு வருவோம். அதை வீரக்கதையாகவோ நிர்வாகப் பாடமாகவோதான் சொல்வது வழக்கம். கொஞ்சம் கலோரிக் கண்ணோடு பார்க்கலாம்.

அமுண்ட்செனின் ஐந்து பேரும் தினமும் சாப்பிட்டதும் பிஸ்கட், பெம்மிக்கன், சாக்லேட், பால்பொடிதான். ஸ்காட் குழுவின் சாப்பாட்டிலிருந்து மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் ஒன்றும் இல்லை. வித்தியாசம் வரவில் இல்லை, செலவில் இருந்தது. அமுண்ட்சென் குழுவில் சுமையை நாய்கள் இழுத்தன. ஆட்கள் பக்கத்தில் சறுக்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஓலாவ் பியாலாண்ட் பனிச்சறுக்குச் சாம்பியன், கைதேர்ந்த தச்சரும்கூட. குளிர்காலம் முழுக்கச் சறுக்குவண்டிகளை இழைத்து இழைத்து, எடையை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு இழைப்புச் சுருளும் யாரோ இழுக்கத் தேவையில்லாத எடை. ஏறக்குறைய 3,000 கிலோமீட்டரை 99 நாளில் முடித்து 1912 ஜனவரி 25 அன்று முகாம் திரும்பினார்கள். 52 நாய்களோடு கிளம்பியவர்கள் 11 நாய்களோடு வந்தார்கள். மீதியில் பெரும்பாலானவற்றைத் திட்டமிட்டே கொன்று, மற்ற நாய்களுக்கும் ஆட்களுக்கும் உணவாக்கினார்கள். கலோரி எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். அந்தக் கணக்கைத் தீர்த்தவை நாய்கள்.

ஸ்காட் குழு பியர்ட்மோர் பனியாற்றின் அடிவாரத்திலிருந்து, அதாவது 1911 டிசம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து, தோள்வாரில் இழுத்தது. பெரும்பகுதி பனிச்சறுக்குப் பலகையில் நின்றபடியே. ஆனால் பலகையில் சறுக்குவதும், பலகையில் நின்று சுமை இழுப்பதும் வேறு வேறு. மேலும் கடுங்குளிரில் பனி சறுக்காது. பலகைக்கும் பனிக்கும் நடுவே உராய்வுச் சூட்டில் ஒரு மெல்லிய நீர்ப்படலம் உருவாவதால்தான் சறுக்கல் நடக்கிறது என்பதை பௌடனும் ஹ்யூஸும் பிற்பாடு, 1939இல், விளக்கினார்கள். குளிர் மிஞ்சினால் அந்தப் படலம் உருவாவதில்லை. பனி மணலாகிவிடும். திரும்பி வரும் வழியில் ஸ்காட் குழு மணலில் இழுப்பது போலத்தான் இழுத்தது.

இன்னொரு சிறு விஷயம் உண்டு. 1911 கடைசி நாளில் பவர்ஸ் இருந்த அணி எடையைக் குறைக்கத் தன் பனிச்சறுக்குப் பலகைகளை வழியில் விட்டுவிட்டது. நாலு நாள் கழித்து ஸ்காட், பவர்ஸைத் துருவம் போகும் அணியில் ஐந்தாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார். நாலு பேர் பலகையில். எல்லோரையும்விடக் குட்டையான பவர்ஸ் கால்நடையாக. துருவம் போய்த் திரும்பி, ஜனவரி இறுதியில் பலகைகளை எடுக்கும்வரை இதே நிலை. பனியில் நடப்பதன் செலவை 1976இல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர் பாண்டோல்ஃபும் சகாக்களும் அளந்தார்கள். கால் எவ்வளவு ஆழம் புதைகிறதோ அதற்கேற்பச் செலவு ஒரே சீராக ஏறியது. பவர்ஸின் ஒவ்வொரு அடிக்கும் கூடுதல் வரி இருந்தது. தட்டில் விழுந்ததோ மற்றவர்களுக்கு விழுந்த அதே அளவுதான்.

அதே அளவு என்பதுதான் இங்கே முள். குழுவிலேயே பெரிய உடம்பு எட்கர் எவன்ஸுக்கு. பெரிய உடம்புக்கு நகரவும் அதிகம் வேண்டும், சும்மா இருக்கவும் அதிகம் வேண்டும். ஆளுக்குச் சமம் என்பது நியாயமாகத் தோன்றும் விதி. ஆனால் முதலில் விழுந்தவர் எவன்ஸ்தான், 1912 பிப்ரவரி 17 அன்று. கையில் காயம், பனிக்கடி, தலையில் அடிபட்டிருக்கும் என்ற சந்தேகம் எல்லாம் உண்டு; பசி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய ஆட்களுக்கு அதே படி போதவில்லை என்ற கேள்வியை செரி கேரார்டே பின்னாளில் எழுப்பினார்.

மார்ச் இறுதியில் மீதி மூவர், அடுத்த உணவுக் கிடங்குக்கு 11 மைல் முன்னால், கூடாரத்துக்குள் முடிந்துபோனார்கள்.

எண்பது ஆண்டு கழித்து ரசீது

ஸ்காட் குழு எவ்வளவு எரித்தது என்பதை யாரும் அளக்கவில்லை. ஆனால் கிட்டத்தட்ட அதே வேலையை இன்னொரு இருவர் செய்தபோது அளந்தார்கள். 1992-93இல் ரனுல்ஃப் ஃபைன்ஸும் மருத்துவர் மைக் ஸ்ட்ரௌடும் ஆளுக்கு 200 கிலோவுக்கும் அதிகமான சுமையை இழுத்து, 95 நாளில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து அண்டார்க்டிகா கண்டத்தைத் தாண்டினார்கள். ஸ்ட்ரௌடுக்கு இது பயணம் மட்டுமில்லை, ஆய்வும்கூட. சோதனைப்பொருள் அவரேதான்.

கருவி, தண்ணீர். சாதாரணத் தண்ணீர் இல்லை. கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்தது. மினசோட்டாவில் நேதன் லிஃப்சன் 1950களில் எலிகளிடம் நிரூபித்த முறை, 1980களில் மனிதர்களுக்கு வந்தது. தர்க்கம் அழகானது. கனமான ஹைட்ரஜன் சிறுநீர், வியர்வை என்று நீராக மட்டுமே வெளியேறும். கனமான ஆக்சிஜன் நீராகவும் போகும், கரியமில வாயுவாகவும் போகும். ஆகவே ஆக்சிஜன் சீக்கிரம் தீரும். இரண்டும் தீரும் வேகத்துக்கு நடுவே உள்ள வித்தியாசம்தான் வெளிவிட்ட கரியமில வாயு. அதிலிருந்து கலோரி. பையும் வேண்டாம், குழாயும் வேண்டாம். சிறுநீர் மாதிரியைப் பத்திரப்படுத்தினால் போதும்.

அவர்கள் தினமும் சாப்பிட்டது சராசரியாகச் சுமார் 5,100 கலோரி, ஸ்காட்டின் படியைவிட அதிகம். எரித்ததோ அதைவிட மிகமிக அதிகம். பீடபூமிக்கு ஏறிய பத்து நாட்களில் இருவரின் தினசரிச் செலவும் 10,000 கலோரியைத் தாண்டியது. பயண முடிவில் இருவருமே 20 கிலோவுக்கு மேல் இழந்திருந்தார்கள்.

இதை வைத்து ஸ்காட்டின் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். தினச் செலவை அடக்கமாக 6,000 என்று வைப்போம். வரவு 4,500. துண்டு விழுவது 1,500. இழுத்த நாட்கள் சுமார் 100. மொத்தப் பற்றாக்குறை 1,50,000 கலோரி. ஒரு கிலோ உடல்கொழுப்புக்கு 7,700 கலோரி என்றால், சுமார் 19.5 கிலோ. ஊகக் கணக்குதான். ஆனாலும் ஃபைன்ஸும் ஸ்ட்ரௌடும் இழந்த எடைக்கு அருகில் வந்து நிற்கிறது. அவர்களைக் கூட்டிவர விமானம் இருந்தது. ஸ்காட் குழுவுக்குக் கிடங்கு மட்டும்தான்.

அட்டவணைக்குள் அடங்குவதும் அடங்காததும்

சரி, கடிகாரத்தின் எண்ணுக்கு வருவோம். 1993இல் பார்பரா எய்ன்ஸ்வொர்த்தும் சக ஆய்வாளர்களும் மனிதச் செயல்களுக்கெல்லாம் ஒரு அட்டவணை போட்டார்கள். அடிப்படை அலகு மெட். சும்மா உட்கார்ந்திருந்தால் 1 மெட். கிலோ எடைக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு கலோரி. 2011 பதிப்பில் 800க்கும் அதிகமான செயல்கள் உண்டு. பனிச்சறுக்குக்கு அதில் பல வரிகள்.

சரிவில் மெல்ல இறங்கினால் 4.3 மெட். நடுத்தரமாக இறங்கினால் 5.3. பந்தய வேகத்தில் 8. சமவெளியில் மெதுவாகச் சறுக்கி நடந்தால் 6.8, மிதமாக 9, விரைவாக 12.5, போட்டியாளர் வேகத்தில் 15. கெட்டிப் பனியில் முழு மூச்சாக மலையேறினால் 15.5. எழுபது கிலோ ஆளுக்கு ஒரு மணி நேரத்தில் மெல்ல இறங்குவது சுமார் 300 கலோரி, சமவெளிப் போட்டி 1,050 கலோரி. பெயர் ஒன்றுதான், பனிச்சறுக்கு. செலவில் மூன்றரை மடங்கு வித்தியாசம்.

ஏன் இவ்வளவு? சமவெளியில் சறுக்குபவர் காலால் தள்ளுகிறார், கையால் கோலை ஊன்றுகிறார். உடம்பின் பெரிய தசைகள் எல்லாமே ஒரே நேரத்தில் ஆக்சிஜன் கேட்கின்றன. ஸ்வீடனில் ஆஸ்ட்ராண்டும் சால்டினும் 1960களில் விளையாட்டு வீரர்களை வரிசையாக அளந்தபோது ஆக்சிஜன் கொள்ளளவில் உச்சியில் நின்றவர்கள் இந்த நெடுந்தூரப் பனிச்சறுக்காளர்கள்தான். சரிவில் இறங்குபவருக்கோ வேலையைப் புவியீர்ப்பு செய்கிறது. தசை பிடித்து நிறுத்துவதோடு சரி.

அந்தப் புவியீர்ப்பும் இலவசம் இல்லை. யாராவது மேலே ஏற்றிவிட வேண்டும். 1936இல் அமெரிக்காவின் சன் வேலியில் யூனியன் பசிஃபிக் ரயில்வேயின் பொறியாளர் ஜேம்ஸ் கரன் உலகின் முதல் நாற்காலி விஞ்ச்சை வடிவமைத்தார். கப்பலில் வாழைக்குலை ஏற்றும் கொக்கிகளைப் பார்த்து வந்த யோசனை. குலைக்குப் பதில் ஆள். இதன் கலோரி மதிப்பு என்ன? உபகரணத்தோடு 75 கிலோ உள்ள ஒருவரை 500 மீட்டர் உயர்த்த 3,67,500 ஜூல், அதாவது 88 கலோரி. மனிதத் தசை கால்பங்குத் திறனுக்கு மேல் வேலை செய்யாது. ஆகவே அவரே ஏறியிருந்தால் 350 முதல் 440 கலோரி வரை எரித்திருப்பார். ஒரு நாளில் பத்து முறை இறங்கினால் சுமார் 4,000 கலோரியை மோட்டார் எரித்துக் கொடுத்திருக்கிறது. ஸ்காட்டின் ஒரு நாள் சாப்பாட்டுக்குக் கிட்டத்தட்டச் சமம்.

கடிகாரம் ஏமாறுவதும் இங்கேதான். மலையில் ஆறு மணி நேரம் இருந்தவர், வரிசையும் விஞ்ச்சும் போக இரண்டு மணி நேரம் சறுக்கினார் என்று வைப்போம். ஆறு மணிக்கும் 5.3 மெட் போட்டால் 2,226 கலோரி. இரண்டு மணிக்கு மட்டும் போட்டு, மீதியை உட்கார்ந்ததாக எடுத்தால் 1,020 பக்கம் வரும். பாதி காணாமல் போய்விட்டது. இதயத்துடிப்பை நம்பலாமா என்றால், உயரமும் பயமும் இறுக்கிப்பிடித்த தொடையும் துடிப்பை ஏற்றும். ஆக்சிஜன் செலவு அதே அளவுக்கு ஏறாது.

அந்த 1 மெட்டும் கல்லில் பொறித்தது இல்லை. கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்பது மரபாக வந்த எண். 2005இல் பைர்னும் சகாக்களும் 769 பேரை அளந்தபோது சராசரி 2.6க்குப் பக்கத்தில் நின்றது. உடல்கொழுப்பு கூடியவர்களுக்கு கிலோவுக்கான செலவு இன்னும் குறைவு. எடையால் பெருக்குவது எல்லோருக்கும் ஒரே படி அளப்பதைவிட மேல்தான். ஆனால் அதுவும் யாரோ ஒரு நடுத்தர ஆளை மனதில் வைத்துத்தான் பெருக்குகிறது. அட்டவணையைப் போட்டவர்களே அது ஆய்வில் கூட்டங்களை ஒப்பிடுவதற்குத்தான், தனியாள் ஒருவரின் துல்லியக் கணக்குக்கு இல்லை என்று எழுதி வைத்தார்கள். நிரலில் ஒரு வரியாக மாறும்போது அந்த எச்சரிக்கை மட்டும் உதிர்ந்துவிடுகிறது. என் போன்றவர்கள் உதிர்த்துவிடுகிறோம்.

எனக்கு இந்த எண்கள் மேல் அவநம்பிக்கை இல்லை. வெண்ணெய் அதிகமாகவும் படி பெரியதாகவும் இருந்திருந்தால் 11 மைல் கடந்திருப்பார்களா தெரியாது. ஆனால் 6,000 என்ற ஒரு முரட்டு மதிப்பீடு 1911இல் ஸ்காட்டின் மேசையில் இருந்திருந்தால் திட்டமே வேறாகியிருக்கும். அங்கே ஐந்நூறு முன்பின் இருப்பது பெரிதில்லை. இரண்டு சமோசாவை ஈடுகட்டிவிட்டோமா என்று மணிக்கட்டைப் பார்ப்பவருக்கு அதே ஐந்நூறுதான் மொத்தக் கணக்கும். கருவி ஒன்றே. கேள்விதான் அதன் எல்லைக்குள்ளே இருக்க வேண்டும்.

1912 நவம்பரில் தேடுதல் குழு கூடாரத்தைக் கண்டுபிடித்தது. அதில் ட்ரிக்வே கிரான் என்ற நார்வேக்காரர் இருந்தார். நான்செனின் பரிந்துரையில், ஆங்கிலேயர்களுக்குப் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுக்கவென்றே ஸ்காட் கூட்டிவந்தவர். மூவரையும் பனிமேட்டுக்குள் அடக்கம் செய்த பிறகு, கிரான் தன்னுடைய பலகைகளைக் கழற்றிவிட்டு ஸ்காட்டின் பலகைகளை மாட்டிக்கொண்டார். அவையாவது பயணத்தை முடிக்கட்டும் என்று நினைத்தார். முகாம் வரைக்கும் அவற்றில்தான் சறுக்கிக்கொண்டு வந்தார்.